ஒன்பது கோப்புகளும் ஒரே ஏற்றலில்

1982 பெப்ரவரி 9, செவ்வாய்

மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரம் துறைமுகக் கந்தோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஆள் வந்து வாசலில் நிற்கிறான். கொம்பியூட்டர் மறுபடியும் படுத்துவிட்டதாம். மனைவி கமலேஸ்வரி என் சோற்றுக் கோப்பையைத் தட்டால் மூடிவைத்தாள்.

காரணம் துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் கந்தோருக்கும் ஜெட்டியிலுள்ள பாரந்தூக்கிக்கும் ஒரே மின்கம்பி. பாரந்தூக்கி கனத்த சாமானைக் கிளப்பும்போது எங்கள் விளக்கு ஒரு கணம் மங்கி எழும். மனிதருக்கு அது ஒன்றுமில்லை. கொம்பியூட்டர் அந்தக் கணத்தில் படித்ததெல்லாம் மறந்துவிடும். நேற்றுப் பௌர்ணமிப் போயா லீவு, இன்று இரண்டு நாள் சரக்கும் ஒன்றாய் இறங்கியது, பாரந்தூக்கி ஓயவில்லை. அதாவது, எப்போது இந்த யந்திரம் தேவையோ அப்போதுதான் அது சாகும். வோல்ற்றேஜ் சீராக்கி ஒன்று வாங்கித் தரச்சொல்லிக் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. பதில் போடவேண்டியவர் திரு. பாக்கியரத்தினம். ஆகவே பதில் இல்லை.

கந்தோர் வாசலில் ஸெய்னுதீன் நானா நின்றார். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குச் சுமக்கும் லைட்டர் படகுகளுக்கு அவர்தான் மேற்பார்வை. யந்திரம் வருமுன், எந்த லைட்டர் எந்தக் கப்பலுக்குப் போகவேண்டும் என்று கரும்பலகையில் சோக்கால் எழுதி நடத்தியவர்.

"தம்பி, உங்கட பொட்டி மௌத்தாப் போச்சு. ஜனாஸா எப்ப எடுக்கிற?"

யந்திரத்தின் சாவீட்டுக்குச் சிரித்தவர்கள் யார் யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

பெப்ரவரி 11, வியாழன்

கொழும்பிலிருந்து ரெலிபோன். அவன்தான், பாக்கியரத்தினம்.

"ஐசே தவராசா, எப்பிடி, உம்மட மெஷின் உயிரோட இருக்குதோ?"

இரண்டு வருடம் என்னோடு ஒரே வாங்கில் இருந்து கணிதம் படித்தவன். கொம்பனி என்னை இங்கிலாந்துக்கு அனுப்பியது. நான் படிக்கப் போனேன். அவன் பதவிக்குப் போனான். திரும்பி வந்தபோது எனக்கென்று சொல்லப்பட்ட கதிரையில் அவன் இருந்தான். நான் எழுதிய அறிக்கையின் முன்பக்கத்தில் அவன் பெயர். எனக்குத் திருகோணமலை. "சொந்த ஊர்தானே, சந்தோசம்தானே" என்றார்கள். ஓம், பெரிய சந்தோசம்.

இன்று சொன்னது இது: மார்ச் நடுவில் நேரில் வருகிறான். அதற்குள் யந்திரம் ஒழுங்காக ஓடாவிட்டால் அதைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். "நீர் பழையபடி போர்டுக்குப் போம். ஸெய்னுதீனுக்கும் வயசு போகுது, ஒரு உதவி வேணும்தானே."

சோக்குத்தூள். நாற்பத்தேழு வயதில், லிஸ்ப் என்ற கொம்பியூட்டர் மொழி தெரிந்த நான், கரும்பலகை துடைப்பதா? ஏலாது. ஏலவே ஏலாது.

கோபத்தை நான் வீணாக்குவதில்லை. யந்திரத்துக்கு நான் எழுதிய நிரலில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பெயர் கொடுக்கவேண்டும். மற்றவர்கள் வேலைக்குப் பொருந்திய பெயராக வைப்பார்கள். நான் ஆட்களின் பெயர் வைக்கிறேன். ஓட்டை விழுந்த, கடலுக்கு லாயக்கில்லாத லைட்டர்களைப் பட்டியலிலிருந்து கழித்துத் தள்ளும் செயலுக்கு "பாக்கியம்" என்று பெயர். என் காணியை எழுதி வாங்கிய மைத்துனர் உள்ளே இருக்கிறார். என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திய தலைமையாசிரியரும் இருக்கிறார். எல்லாருக்கும் வேலை கொடுத்திருக்கிறேன். யந்திரம் ஓடும்போதெல்லாம் அவர்கள் எனக்காக ஓடுகிறார்கள்.

பெப்ரவரி 14, ஞாயிறு

காலையில் கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கும்போது யோசனை வந்தது. ஈரத்தோடு ஓடிவந்து கமலேஸ்வரிக்குச் சொன்னேன். கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை. ஆனால் கேள்வி கேட்பதில் பொலிஸ். அவளுக்கு விளக்கியபடியே இங்கும் எழுதுகிறேன்.

என் நிரல் ஒன்பது கோப்புகளாக இருக்கிறது. நான் எழுதியது மனிதர் வாசிக்கும் எழுத்து. அதை யந்திரம் விரைவாக ஓட்டக்கூடிய எண்களாக மாற்றுவதைக் கொம்பைல் செய்வது என்கிறோம். யந்திரத்தின் நினைவு சிறிது. மாற்றுகிறவனும் அதற்குள் இருக்கவேண்டும், மாற்றப்படுவதும் இருக்கவேண்டும். ஆகவே ஒவ்வொன்றாகத்தான் மாற்றமுடியும். ஒன்பதையும் ஒரே நிரலாக எழுதி ஒன்றாக மாற்ற மாதக்கணக்கில் முயன்று தோற்றேன்.

இப்போது யந்திரம் செத்து எழும்பினால் கந்தோரில் யந்திரத்தைத் தட்டுகிற பிள்ளை ஸாலிஹா, நிரல் பதிந்த இரண்டு காந்தத் தட்டுகளில் முதல் தட்டைப் போட்டு ஐந்து கோப்புகளை ஒழுங்கு தவறாமல் ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும். கப்பல் விபரத்தைத் தட்டச்சு செய்யவேண்டும். பிறகு தட்டை மாற்றி மற்ற நான்கையும் ஏற்றவேண்டும். அதற்குள் பாரந்தூக்கி இன்னொரு மூட்டையைத் தூக்கிவிடும். மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் என்னைக் கூப்பிட ஆள் வரும்.

காலையில் தோன்றியது என்னவென்றால்: ஏன் ஒன்றாக மாற்றவேண்டும்? மாற்றி முடிந்த கோப்புகளை ஒன்றின் வாலில் மற்றதை ஒட்டினால் என்ன? மாற்றிய கோப்பு என்பது "இதைச் செய், அடுத்து இதைச் செய்" என்ற கட்டளைகளின் வரிசைதானே. ஏற்றுகிறவன் ஒரு கட்டளையை வாசிக்கிறான், செய்கிறான், அடுத்ததற்குப் போகிறான். கோப்பு முடிந்தால் நிற்கிறான். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று அவனுக்கு என்ன கவலை? ஒன்பதும் ஒரே கோப்பு. ஒரே கட்டளை.

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் செய்யேல்லை?" என்றாள்.

"இவ்வளவு நாளும் தெரியேல்லை."

"குளிச்சு முடிச்சிட்டு வாங்கோ. சவுக்காரம் காதில நிக்குது."

பெப்ரவரி 16, செவ்வாய்

ஒட்டிவிட்டேன். யந்திரத்தோடு வந்த நகலெடுக்கும் கட்டளைக்கு ஒன்பது பெயரையும் வரிசையாகக் கொடுத்தால் அவற்றை ஒரே கோப்பாக்கித் தருகிறது. ஏற்றினேன். கண் மூடித் திறக்குமுன் ஏறிவிட்டது. எழுந்து நின்று கை தட்டினேன் — ஆம், நானே எனக்கு.

ஓட்டினால், "அப்படி ஒரு செயல் இல்லை" என்கிறது. எதைக் கேட்டாலும் இல்லை. இரண்டாவது கோப்பிலிருந்து ஒன்றுமே உள்ளே போகவில்லை.

ஸெய்னுதீன் நானா எட்டிப் பார்த்தார். "கை தட்டின சத்தம் கேட்டுது. பொட்டிக்குக் கலியாணமோ?"

பெப்ரவரி 17, புதன்

மறுபடி ஒட்டினேன். அதே இடத்தில் வாய் மூடுகிறது. ஏன்?

பெப்ரவரி 19, வெள்ளி

பிடித்துவிட்டேன்!

ஸெய்னுதீன் நானா ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார், கந்தோர் அமைதியாக இருந்தது. ஒட்டிய கோப்பு எவ்வளவு பெரிது என்று பார்த்தேன். ஒன்பது பேரின் எடை இருக்கவேண்டிய மூட்டையில் அதன் பாதிகூட இல்லை. அப்படியானால் குற்றம் ஏற்றுகிறவனிடம் இல்லை. ஒட்டியவனிடம். நகலெடுக்கும் கட்டளை ஒவ்வொரு கோப்பிலும் பாதியில் கையை எடுத்திருக்கிறது.

ஏன் எடுத்தது? கடிதம் போன்ற எழுத்துக் கோப்புகளில் "இத்துடன் முடிந்தது" என்பதற்கு இருபத்தாறு என்ற எண்ணை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். நகலெடுப்பவன் அந்த எண்ணைக் கண்டால் கடிதம் முடிந்தது என்று அடுத்ததற்குப் போய்விடுவான். என் கோப்புகளோ கடிதங்கள் அல்ல. அவற்றுக்குள் இருபத்தாறு என்பது எத்தனையோ எண்களில் ஒன்று, எங்கேயும் வரும். அது வந்த இடமெல்லாம் என் நிரலின் கழுத்து அறுந்திருக்கிறது; முதல் வெட்டிலேயே ஏற்றுகிறவன் நின்றுவிட்டான்.

இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கட்டளையின் கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்தால், "இது கடிதமல்ல, கடைசி வரை எடு" என்று பொருள். கையேட்டில் ஒரு மூலையில் கிடக்கிறது. இதை எழுதியவனுக்கு இது சிறிய விடயம்போல.

ஒரு எழுத்து! கொழும்பில் இருக்கும் அந்தக் கதிரைக்காரன் இதை ஒரு வருடம் போனாலும் கண்டிருப்பானா?

பெப்ரவரி 24, புதன்

ஸாலிஹாவிடம் இணைக்கும் வேலையைக் கொடுத்தேன். கிண்ணியாவிலிருந்து தினமும் பாதைப் படகேறிக் கடல் கடந்து வருகிற பிள்ளை. நான் திட்டினால் திருப்பித் திட்டாது; ஆனால் அழவும் மாட்டாது. எனக்கு அது பிடிக்கும். சொல்லியதில்லை.

"எந்த ஒழுங்கில சேர்?"

"கப்பல் கணக்கெல்லாம் தெரிஞ்ச பிள்ளைதானே நீர். எது முதல் தேவையோ அதைப் பாத்து அடுக்கும்."

ஏற்றினோம். முதல் வரியிலேயே சண்டை. "அப்படி ஒரு செயல் இல்லை, அப்படி ஒரு செயல் இல்லை" — திரை நிறைய.

வரிசையைப் பார்த்தேன். ஒன்பதாவது முதலில், முதலாவது கடைசியில். தலைகீழ். எல்லாவற்றுக்கும் அடித்தளமான கோப்பு கடைசியாக வருகிறது. மற்றவை அதற்குமுன் வந்து அதைத் தேடித் தவிக்கின்றன.

"என்ன இது?"

"நீங்கதானே சொன்னீங்க சேர். முதல் தேவையானதைக் கடைசியாத்தானே ஏத்துற. அதுதானே மேல இருக்கும்."

கப்பலின் வயிற்றில் சரக்கு அடுக்குகிற முறை! முதல் துறையில் இறக்கவேண்டியது கடைசியாக ஏறும். அவளுடைய தகப்பன், பெரியப்பன், இந்தத் துறைமுகத்தில் எல்லாரும் அப்படித்தான் ஏற்றுகிறார்கள். இந்த உலகத்தில் வேறு எந்த ஊரில் ஒரு லிஸ்ப் நிரல் இந்தப் பிழையால் விழுந்திருக்கும்?

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. ஸாலிஹா பயந்துபோனாள். நான் சிரித்து அவள் கண்டதில்லை.

பெப்ரவரி 25, வியாழன்

வரிசையைத் திருப்பி ஒட்டினோம். ஏற்றினோம். ஒன்பதும் ஏறியது! ஒரு கட்டளை, ஒரு தட்டு, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. எல்லாச் செயல்களும் உள்ளே. கேட்டதற்கெல்லாம் பதில்.

நாளைய கப்பல்களைக் கொடுத்து ஒழுங்கைக் கேட்டேன். அச்சடித்து வந்தது. ஸெய்னுதீன் நானா தாளைப் பிடுங்கி எல்லாரும் கேட்க வாசித்தார்.

"கோதுமை மாக்கப்பலுக்கு — பதினோராம் லைட்டர். தேயிலைக் கப்பலுக்கு — பதினோராம் லைட்டர். சீமெந்துக்கும் — பதினோராம் லைட்டர்." தாளை இறக்கி என்னைப் பார்த்தார். "தம்பி, பதினோராம் லைட்டர் எங்க இரிக்கி தெரியுமா? கரையில கவுண்டு கிடக்கு. அடியில ஓட்டை. மார்கழி மழையில இருந்து ஆடு படுக்குது அதுக்குள்ள."

கந்தோர் முழுதும் சிரித்தது.

"ஆட்டுக்கும் சேத்து ஒரு சம்பளம் போடச்சொல்லுங்க கொழும்பில!" என்றார் நானா.

பெப்ரவரி 26, வெள்ளி

இதென்ன சனியன்? தனித்தனியாய் ஏத்தினா சரியா ஓடுது. ஒண்டாய் ஏத்தினா பிழைக்குது. அதே கோப்பு. அதே எண்கள். ஒரு எழுத்து மாறேல்லை. பிறகு ஏன்? என்னட்ட மட்டும் ஏன் எல்லாம் இப்பிடி?

கமலேஸ்வரி கேட்டாள்: "கொழும்பால வந்து மெஷினைக் கொண்டு போனா என்ன செய்வியள்?"

"போர்டு துடைப்பன்."

"துடைக்க மாட்டியள். வேலையை விட்டிட்டு வந்து இந்தக் கதிரையில இருந்து எல்லாரையும் திட்டுவியள். நான் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேணும். அதால வடிவாப் பாருங்கோ. எனக்காகப் பாருங்கோ."

மார்ச் 1, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். எழுத வெட்கமில்லை, இதை வாசிக்கப்போவது நான் மட்டும்தான்.

ஒன்பது கோப்புகளிலுமுள்ள செயல்களின் பெயர்களை ஒரே தாளில் அச்சடித்து, தலையிலிருந்து கால்வரை விரலால் தடவிக்கொண்டு வந்தேன். இரண்டாவது கோப்பில் "பாக்கியம்". தெரியும். கீழே போகிறேன். மைத்துனர். தலைமையாசிரியர். ஏழாவது கோப்பில் — "பாக்கியம்".

இரண்டு பாக்கியம்.

முதலாவதை எழுதியது போன வருடம், அந்த அறிக்கையில் அவன் பெயரைக் கண்ட கிழமையில். அது பழுதானதைக் கழித்துத் தள்ளும். இரண்டாவதை எழுதியது சீராக்கிக்குப் பதில் வராத ஒரு நாளில். அது, இரண்டு லைட்டர் ஒரே தகுதியோடு நின்றால், அதுவரை யார் குறைவாக உழைத்தானோ அவனைப் பிடித்து முன்னால் தள்ளும். உழைக்காதவனைப் பிடிக்கிற செயலுக்கு வேறு யாருடைய பெயரை வைப்பது? கை தானாக எழுதியிருக்கிறது. ஏற்கெனவே ஒரு முறை வைத்தது நினைவில் இல்லை. கோபத்துக்கு நினைவு இருக்கிறது, கணக்கு இல்லை.

லிஸ்பில் ஒரு பெயருக்கு ஒரு செயல்தான். பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். இவ்வளவு நாளும் ஏன் தெரியவில்லை? முதல் தட்டின் வேலை முடிந்த பிறகுதான் இரண்டாம் தட்டு ஏறியது. முதல் பாக்கியம் தன் வேலையை முடித்துப் போன பிறகு இரண்டாவது வந்தது. இருவரும் சந்திக்கவே இல்லை. ஒன்றாக ஏற்றியபோது, வேலை தொடங்குமுன்பே இரண்டாவது முதலாவதை விழுங்கிவிட்டது. பழுதானதைக் கழிக்கச் சொன்ன இடத்தில், "குறைவாக உழைத்தவன் யார்?" என்று தேடியிருக்கிறது. மார்கழியிலிருந்து அசையாத பதினோராம் லைட்டரைத் தவிர வேறு யார்!

யந்திரம் பிழை செய்யவில்லை. நான் சொன்னதைத்தான் செய்தது.

இரண்டாவதற்கு வேறு பெயர் வைக்கவேண்டும். வேறு ஒரு எதிரியை யோசித்தேன். தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தேன். எல்லாரும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். கடைசியில் அந்தச் செயலுக்கு அது செய்கிற வேலையையே பெயராக வைத்தேன். என் நிரலில் அப்படிப் பெயர் பெற்ற முதல் செயல் அது.

மார்ச் 2, செவ்வாய்

ஏழாவது கோப்பை மறுபடி கொம்பைல் செய்து, ஒன்பதையும் ஒட்டி, ஏற்றினோம்.

சரி. சரி. எல்லாம் சரி!

பதினோராம் லைட்டர் ஆட்டோடு கரையில் கிடக்கிறது. ஸெய்னுதீன் நானா தாளை இரண்டு முறை வாசித்துவிட்டுத் தன் பலகையில் எழுதியதைப் பார்த்தார். தேயிலைக் கப்பலுக்கு அவர் போட்டிருந்த லைட்டரை விரலால் அழித்துவிட்டு, யந்திரம் சொன்னதை எழுதினார்.

"என்ன நானா?"

"ஒண்டுமில்ல. பொட்டியும் அதைத்தான் சொல்லுது. நானும் அதைத்தான் யோசிச்ச."

பொய்! வெள்ளை வெளேர் என்ற பொய். எவ்வளவு இனிமையாக இருந்தது.

மார்ச் 9, செவ்வாய்

போயா. கந்தோர் இல்லை. எனக்குத்தான் போகவேண்டும் போல இருந்தது.

மார்ச் 18, வியாழன்

முழுதும் எழுதிவிடவேண்டும். ஒரு சொல்லும் தவறக்கூடாது.

பாக்கியரத்தினம் இரவு ரயிலில் வந்து காலை கந்தோரில் இறங்கினான். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைவிட அதிகம். அது முதல் சந்தோஷம்.

"ஐசே, இந்த ஊர்க் காத்து உமக்கு ஒத்துப்போகுது."

"என்னை இஞ்ச இருத்தினவைக்குத்தான் நன்றி சொல்ல வேணும்."

அவன் கதிரையில் இருந்தான். துறைமுகத்தில் மூன்று கப்பல். ஸாலிஹா விபரங்களைத் தட்டச்சு செய்து, யந்திரம் செத்தாலும் அழியாதபடி தட்டில் எழுதிவைத்தாள். ஒழுங்கு பாதி வந்துகொண்டிருக்கும்போது பாரந்தூக்கி ஏதோ கனமானதைத் தூக்கியிருக்கவேண்டும் — விளக்கு மங்கியது, எழுந்தது. திரை வெறுமை.

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கைப்பையை மூடப்போனான். "பாத்தீரே தவராசா. இதைத்தான் நான் —"

"தேத்தண்ணியைக் குடியும். ஆறப்போகுது."

நான் எழும்பவில்லை. அதுதான் என் திட்டம். ஸாலிஹா மின்னாளியைத் தட்டி, தட்டைச் சரிபார்த்து, ஒரே ஒரு வரியைத் தட்டினாள். தட்டு கிறுகிறுத்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தாள். பாக்கியம் கோப்பையை வாயருகே பிடித்தபடி திரையைப் பார்த்தான். ஒன்பது கோப்புகளும் ஒரே மூச்சில் உள்ளே போயின. கப்பல் விபரம் தட்டிலிருந்து வந்தது. விட்ட ஒழுங்கு முதலிலிருந்து ஓடி முடிந்து, அச்சடித்த தாள் வெளியே வந்தது. ஸெய்னுதீன் நானா அதைக் கிழித்தெடுத்து, வாசிக்காமலே வெளியே போனார். லைட்டர்களுக்கு ஆள் அனுப்ப.

அவன் கோப்பையில் இன்னும் தேத்தண்ணி இருந்தது.

"எப்பிடிச் செய்தனீர்?"

சொன்னேன். ஒட்டியது, இருபத்தாறு, ஒரு எழுத்து. அவன் கேட்டான் — சும்மா கேட்கவில்லை, புரிந்து கேட்டான். இடையில் ஒரு கேள்வி கேட்டான். அது சரியான கேள்வி. வேலை தெரிந்தவன் என்பதை மறந்திருந்தேன். அல்லது மறக்க விரும்பியிருந்தேன்.

பிறகு, "நிரலை ஒருக்கா அச்சடிச்சுக் காட்டும்" என்றான்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. மறுக்க ஏலாது. ஸாலிஹா அச்சடித்துக் கொடுத்தாள். அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக வாசித்தான். இரண்டாவது கோப்பில் விரல் நின்றது.

"பாக்கியம்," என்றான்.

நான் ஜன்னலால் ஜெட்டியைப் பார்த்தேன்.

"லாயக்கில்லாததைக் கழிச்சுத் தள்ளுறது. அது நானோ ஐசே?"

"பேர் ஒண்டு வைக்க வேணும்தானே."

அவன் மூச்சை விட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் திருப்பித் திட்ட இவ்வளவு காலமும் சேர்த்துவைத்த சொற்கள் தயாராக இருந்தன. அவனோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"கொழும்பில சம்பளக் கணக்குப் போடுற நிரல் நான் எழுதினது. எங்க பிழை வந்தாலும் ஒரு பகுதிக்குப் போகும். அது எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு, பிழை பிழை எண்டு கத்தும். அதுக்கு நான் என்ன பேர் வச்சிருக்கிறன் தெரியுமோ?"

"என்ன?"

"தவராசா."

ஸாலிஹா வாயைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே ஓடினாள்.

"அது இல்லாட்டி நிரல் ஓடாது," என்றான். "எத்தினை தரம் எடுக்கப் பாத்தன். எடுக்க ஏலாது. பிழையைக் கண்டுபிடிக்கிறது அது ஒண்டுதான்."

இருவரும் சிரித்தோம். எழுதுகிறேன், பொய் எழுதவில்லை: சிரித்தோம். அதனால் நான் எதையும் மன்னித்துவிட்டதாக அர்த்தமில்லை. அந்த அறிக்கை என்னுடையதுதான். அதையும் இன்று சொன்னேன். "ஓம், உம்மடதுதான்," என்றான். ஸெய்னுதீன் நானா உள்ளே வந்துகொண்டிருந்த நேரம். அவர் காதில் விழும்படி சொன்னான்.

மார்ச் 19, வெள்ளி

யந்திரம் இங்கேயே இருக்கும். நானும். ஒட்டிய கோப்பின் நகல் ஒன்று கொழும்புக்குப் போகிறது, மேலே என் பெயரோடு. ரயிலடியில் அவன் கை கொடுத்தான். கொடுத்தேன்.

கமலேஸ்வரியிடம் சொன்னேன். "நல்லது," என்றாள். குசினிக்குள் போய், எனக்கு வழக்கமான ஒரு முட்டையோடு இரண்டாவதையும் பொரித்தாள்.

மார்ச் 30, செவ்வாய்

கொழும்பிலிருந்து பெட்டி ஒன்று. பிரித்தால் வோல்ற்றேஜ் சீராக்கி. இப்போது! தேவைப்பட்ட காலமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, நான் அது இல்லாமலே வென்றுகாட்டிய பிறகு — அனுப்புகிறான்.

பொருத்தச் சொன்னேன். கந்தோர் விசிறிக்கு. யந்திரத்துக்கு வேண்டாம்.

ஸெய்னுதீன் நானா விசிறியின் கீழ் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்ல சாமான் தம்பி. காத்து ஒரே சீரா வருது."

ஏப்ரல் 1, வியாழன்

விசிறியிலிருந்து கழற்றி யந்திரத்துக்கே பொருத்திவிட்டேன். வெயில் நேரம் ஸெய்னுதீன் நானா என்னோடு பேசவில்லை. பின்னேரம் பேசினார்: "உங்கட பொட்டிக்கு ஒரு குமர்ப்பிள்ளைக்குச் செய்யிற கவனம்."

ஏப்ரல் 21, புதன்

கமலேஸ்வரிக்குப் பள்ளிக்கூட விடுமுறை. நானும் ஒரு நாள் லீவு போட்டேன். கந்தோரில் சேர்ந்த பிறகு நோய் வருத்தமில்லாமல் எடுத்த முதல் லீவு என்று நினைக்கிறேன். நிலாவெளிக்கு பஸ்ஸில் போனோம். அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை குணேஸ்வரியின் வீடு அங்கே, கடலோடு ஒட்டி.

கடல் குளம்போல் கிடந்தது. காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கி நின்றேன். தெற்கே, துறைமுக வாய்க்கு வெளியே, உள்ளே போக முறை பார்த்து இரண்டு கப்பல்கள். உள்ளே இன்னும் இருக்கும். இன்று கந்தோரில் நல்ல வேலை.

மத்தியானம் பாயில் இருந்தோம். குணேஸ்வரி சூடை மீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் வைத்திருந்தாள். சாப்பிடும்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வேலிப்பக்கம் திரும்பினேன் போல. கமலேஸ்வரி கண்டுவிட்டாள்.

"ஆரைப் பாக்கிறியள்?"

"ஒருத்தரையும் இல்லை."

மோட்டார் சைக்கிள் நிற்காமல் குச்சவெளிப் பக்கம் போயிற்று; கந்தோர் ஆள் இல்லை.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ அத்தான்?" என்றாள் குணேஸ்வரி.

"போடும்," என்றேன். "குழம்பும் விடும்."